நான் வென்ற விவாதமும் அவன் மாற்றிய கேபிளும்

பொறாமை என்ற தலைப்பில் கல்லூரி நாட்களில் இருமுறை மேடையேறியிருக்கிறேன். ஒருமுறை அது மனிதரை உயர்த்தும் என்ற அணியில். மறுமுறை அழிக்கும் என்ற அணியில். இரண்டிலும் முதற்பரிசு எனக்கே. செங்கல்பட்டில் எங்கள் வீட்டு முன்னறைக் கண்ணாடி அலமாரியில் அந்த இரு கோப்பைகளும் அருகருகே நிற்கின்றன. ஆனால் பொறாமை உடம்பின் எந்த இடத்தில் தங்குகிறது, எந்த நேரத்தில் விழித்துக்கொள்கிறது என்பதை நான் மேடையில் அறியவில்லை. கேளம்பாக்கத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்த அலுவலகத்தில் அறிந்தேன். என்னைவிட ஒரு வயது இளையவனான, கூட்டத்தில் எழுந்து நின்றால் நான்கு வார்த்தை கோவையாகப் பேசத் தெரியாத ஒருவனால் அறிந்தேன்.

எங்களுடையது சிறிய நிறுவனம். இணையம் தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்துவந்த அந்தக் காலத்தில், கல்விச் செய்திகளுக்கான இணையதளம் ஒன்றை நடத்திவந்தோம். ஆண்டு முழுவதும் அதை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் ஒரு நாள் மட்டும் மாநிலமே அந்த வாசலுக்கு வந்து நிற்கும். பதிவு எண்ணைத் தட்டினால் மதிப்பெண் வரவேண்டும். நான் சேர்வதற்கு முந்தைய ஆண்டில் வரவில்லை. முடிவு வெளியான பத்தாவது நிமிடத்தில் சர்வர் படுத்துவிட்டதாம். அப்போது பொறுப்பிலிருந்த மூத்த பொறியாளர் சில மாதங்களில் வெளிநாடு போய்விட்டார். சர்வர்கள் இருந்த குளிரூட்டிய கண்ணாடி அறைக்கு அருகே அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. அறைச் சாவி அவருடைய மேசையின் இழுப்பறையில் இருந்தது. இரண்டும் யாருக்கு என்பதே அந்தக் கோடையில் எங்கள் இருவர் முன்பும் இருந்த கேள்வி.

மற்றவன் மாமல்லபுரத்திலிருந்து வருபவன். கடற்கரைச் சாலையில் ஒரு பேருந்து, கோவளத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. டிப்ளமோ படித்தவன். அவனுடைய அப்பா அங்கே ஓர் ஓட்டலில் வாயிற்காவலர். அலுவலகத்து ஆண்கள் அனைவருக்கும் அவன் மச்சான்; என்னை மட்டும் அக்கா என்பான். நான் பேசி முடித்தால் அவர்கள் கைதட்டுவார்கள். பிறகு பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டால் அவனைத் தேடிப் போவார்கள். கைதட்டல் என் மேசையில் மிஞ்சும். கூட்டம் அவன் மேசையில் இருக்கும். இந்தக் கணக்கு எனக்கு முதல் மாதத்திலிருந்தே பிடிக்கவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் எங்கள் முதலாளி இருவரையும் அழைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பிளான் சொல்லுங்க. சனிக்கிழமை எல்லாரும் உக்காந்து கேப்போம். யாரோடது சரின்னு படுதோ அவங்கதான் ரிசல்ட் அன்னிக்குப் பொறுப்பு. சைட் விழாம நின்னுச்சுன்னா அந்த நாற்காலியும் அவங்களுக்குத்தான்."

எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை மறைக்கப் பெரும்பாடு பட்டேன். சர்வர் நிர்வாகம் என்பதைத் தாமே அறியாமல் அவர் ஒரு பேச்சுப் போட்டியாக மாற்றிவிட்டிருந்தார்.

சனிக்கிழமை முதலில் அவன் எழுந்தான். கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சார், இன்னா ஆவுதுன்னா... நம்ம சர்வரு வேலைய டக்குனு முட்ச்சிடுது சார். ஆனா போன் லைன்ல பாக்கறவன் மெதுவா இழுக்கறான். அவன் இழுத்து முடிக்கறவரைக்கும் நம்மாளு அங்கியே நின்னுகினு கீறான்."

"புரியலப்பா," என்றார் முதலாளி.

"டீக்கடை மாரி சார். குடிக்கறவன் குட்ச்சி முடிக்கறவரைக்கும் மாஸ்டரே கிளாஸ புட்ச்சிகினு நின்னா அடுத்த டீய யாரு சார் ஆத்தறது? மின்னால ஒரு ஆளப் போடணும். அவன் மாஸ்டராண்ட மொத்தமா வாங்கி வெச்சிக்குவான். வாங்கறவனுக்கு நெதானமா குடுப்பான். மாஸ்டரு அடுத்த டீக்குப் பூடுவாரு."

"மச்சான் வேலைய வுட்டுட்டு கடை போடறான் டோய்!" என்று வடிவமைப்புப் பிரிவிலிருந்து ஒரு குரல் வந்தது. அறை சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். எதிரணி சிரிக்கும்போது கூடச் சிரிக்கலாகாது என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம். அவனுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று எண்ணிக்கொண்டேன்.

அவன் சொன்னதன் சாரம் எளியது. மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றை சர்வர்களுக்கு முன்னால் வைப்பது. சர்வர் தயாரிக்கும் பக்கத்தை அது முழுதாகத் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த இடைத்தேக்கத்துக்கு பஃபர் என்று பெயர். சர்வர் அக்கணமே விடுபட்டு அடுத்தவரைக் கவனிக்கும். பழைய கணினி தன் தேக்கத்திலிருந்து, எதிர்முனை எவ்வளவு மெதுவாக இழுத்தாலும், சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். இதனுடன் இன்னொன்றும் சொன்னான். ஓர் அளவுக்கு மேல் கூட்டம் வந்தால், மிஞ்சியவர்களைக் காக்க வைக்காமல், இரண்டு நிமிடம் கழித்து வரச்சொல்லும் சின்னஞ்சிறு பக்கத்தை உடனே காட்டி அனுப்பிவிட வேண்டும்.

நான் எழுந்தேன். நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லவில்லை.

"ஐயா, பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு ஒரு பிள்ளை நம் வாசலுக்கு வந்து நிற்கிறது. அதனிடம் 'இப்போது போ, பிறகு வா' என்று சொல்வதற்கா நாம் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்? வருகிற ஒவ்வொருவரும் உள்ளே அழைக்கப்பட வேண்டும். காத்திருக்கட்டும், ஆனால் நம் கூரையின் கீழ் காத்திருக்கட்டும்!"

என் திட்டம் இதுதான்: மெமரியை இரு மடங்காக்குவது, ஒரே நேரத்தில் உள்ளே விடும் எண்ணிக்கையை நான்கு மடங்காக்குவது, அதற்கும் மேல் வருபவர்களுக்கு நீண்டதொரு வரிசை. எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. இதை வெறும் சாமர்த்தியத்துக்காகச் சொன்னேன் என்று எண்ண வேண்டாம். பதிலின்றி விடப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் நடுவர் ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பார் என்ற பயிற்சியில் வளர்ந்தவள் நான். வந்த கேள்வியைத் திருப்பி அனுப்புவது தோல்வி என்று உளமார நம்பினேன். முடிவில் அவனை நோக்கித் திரும்பினேன்.

"ஓர் அளவுக்கு மேல் என்றீர்களே. எந்த அளவு? எத்தனை பேருக்கு மேல்? ஓர் எண் சொல்லுங்கள்."

அவன் பிடரியைச் சொறிந்தான். "தெர்ல அக்கா. பாத்தாத்தான் தெரியும்."

மேடையில் 'தெரியாது' என்பது முறிந்த வாள். நான் முதலாளியைப் பார்த்துப் புன்னகைத்து அமர்ந்தேன். கைதட்டல் எழுந்தது. "என்னமா பேசுது பாரு இந்தப் பொண்ணு!" என்றார் அவர். பொறுப்பு எனக்கு வந்தது.

படியிறங்கும்போது அவன் பின்னாலேயே வந்தான். "செமையா பேசனீங்க அக்கா. கொஞ்ச நேரம் எனக்கே உங்க பிளான்தான் கரெக்டுனு தோணிச்சி."

குத்தலாகச் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். அதில் குத்தல் இல்லை. தோற்றவன் வருந்தாதபோது வென்றவளுக்கு என்னதான் கிடைக்கிறது?

மெமரி வந்தது, பொருத்தினோம். மே மாதத் தொடக்கத்தில் ஒரு சோதனை நடத்தினேன். அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலும் ஒரு சிறு நிரலை ஓடவிட்டு, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பதிவு எண் தட்டுவது போல் சர்வரைத் தாக்கச் செய்தேன். அது அசையவில்லை. எல்லோரும் ஆரவாரித்தார்கள். அவன் மட்டும் திரையைப் பார்த்தபடி நின்றான்.

"அக்கா, இது நம்ம வூட்டு ஒயரு. வெளிய கீறவனுக்கு அல்லாம் போன் லைனு. மாமல்லபுரத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல ஒக்காந்து பாத்தேன். ஒரு பக்கம் வர்றதுக்குள்ள பீச்சுக்குப் போய் சுண்டல் வாங்கிகினு வந்துடலாம்."

"சோதனை முடிந்துவிட்டது," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். ஆனால் அந்தச் சுண்டல் என்னோடு செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறி வீடுவரை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுத் தொலைபேசி வழியாக இணையத்தில் இருக்க அப்பா எனக்கு அரை மணி நேரம் அனுமதிப்பார். மோடத்தின் கீச்சொலி அடங்கியதும் இரண்டு சன்னல்களைத் திறந்தேன். ஒன்றில் எங்கள் சோதனைப் பக்கம். மற்றொன்றில் சர்வரின் உள்ளே யார் யார் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் நிலைப்பட்டியல். ஒரு பதிவு எண்ணைத் தட்டினேன். நிறுவனச் சின்னத்தின் மேற்பாதி வந்தது. பிறகு விளம்பரத்தின் ஒரு கீற்று. பட்டியலில் என் ஒருத்திக்காக ஓர் இடம் நிரம்பியிருந்தது. எதிரே 'அனுப்பிக்கொண்டிருக்கிறது' என்ற குறி. அடுப்படியில் அம்மா தாளித்து முடித்தார், குறி மாறவில்லை. இரண்டாம் முறையும் பார்த்தேன். அதேதான். மாஸ்டர் கிளாசைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் என்ன ஆகும்? கிளாசைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாஸ்டர்கள் நான்கு மடங்காவார்கள். ஒவ்வொருவரும் மெமரியில் தனக்கென ஓர் இடம் கேட்பார். கூரை போதாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புரிந்ததும் எழுந்தது அச்சமன்று; எரிச்சல். டிப்ளமோ படித்தவன், 'தெர்ல' என்பவன், பிரவுசிங் சென்டரில் போய்ச் சும்மா உட்கார்ந்தே இதை எப்படிக் கண்டான்? எனக்கு ஏன் உட்காரத் தோன்றவில்லை?

சன்னல்களை மூடினேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் நாற்காலி அவனுக்கு. நான் செய்த தவறு எது என்று எவரேனும் கேட்டால் அந்தச் சனிக்கிழமைப் பேச்சைக் காட்டமாட்டேன்; இந்தத் திங்கட்கிழமை மௌனத்தைத்தான் காட்டுவேன்.

அந்த வாரமே முடிவு வெளியானது. அன்று பத்து மணிக்குக் கதவு திறந்தது. முதல் ஐந்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. முதலாளி எனக்காக ஒரு குளிர்பானம் தருவித்தார். அது என் மேசையில் வியர்த்துக்கொண்டிருக்கும்போதே நிலைப்பட்டியல் நிரம்பத் தொடங்கியது. 'அனுப்பிக்கொண்டிருக்கிறது.' 'அனுப்பிக்கொண்டிருக்கிறது.' ஞாயிறன்று நான் கண்ட அதே ஒற்றை வரி, திரையின் உச்சி முதல் அடிவரை. மெமரி தீர்ந்தது. சர்வர் ஹார்ட் டிஸ்கிலிருந்து இடம் கடன் வாங்கத் தொடங்கியது. கண்ணாடி அறைக்குள் அதன் அரைபடும் ஓசை வெளியே கேட்டது. பிறகு புதிதாக எவருக்கும் பதில் இல்லை. உள்ளே காத்திருந்தவர்களுக்கும் இல்லை. வரவேற்பு மேசையில் இரண்டு தொலைபேசிகளும் ஒருசேர அடித்தன.

"என்னம்மா ஆச்சு?" முதலாளி என் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தார். "ஏன்னு தெரியுதா?"

"தெரியவில்லை, சார்," என்றேன்.

எந்தச் சொல்லைக் கொண்டு அவனை வீழ்த்தினேனோ அதே சொல். அவன் சொன்னபோது அது உண்மையாக இருந்தது.

முதலாளி தொலைபேசியை நோக்கி ஓடினார். அப்போதுதான் அவன் கண்ணாடிக் கதவருகே நிற்பதைக் கண்டேன். காலடியில் அந்தப் பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. எவரும் கேட்காமலே ஒரு வாரமாக மதிய உணவு வேளைகளில் அதைத் தயார் செய்து வைத்திருக்கிறான். வெளியுலகிலிருந்து வரும் நீலக் கேபிளை சர்வரிலிருந்து பிடுங்கி இதில் செருக வேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

"அக்கா, கேபிள மாத்தட்டுமா?"

அன்று பொறுப்பு என்னுடையது. ஆகவே என்னிடம் கேட்டான். நான் திரையைப் பார்த்தேன். இன்னொரு முறை சர்வரை நிறுத்தி எழுப்பினால் தானாகச் சரியாகலாம் என்று எனக்கு நானே வாதாடினேன், நிறுத்தி எழுப்பினேன், மறுபடி நிரம்பியது. மீண்டும் ஒருமுறை. ஏழு நிமிடங்கள் அவ்வாறு போயின. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஏழு நிமிடங்கள் அவை. நான் காத்துக்கொண்டிருந்ததோ ஒரு நாற்காலியை.

"அக்கா?"

தலையசைத்தேன்.

அவன் கேபிளை மாற்றினான். நீளும் வரிசை அறுந்தது. முதலில் இருநூறு பேரை மட்டும் உள்ளே விட்டான். மிஞ்சியவர்களுக்கு அவனுடைய குட்டிப் பக்கம் போனது. சர்வரின் மெமரி மெல்லக் கீழே இறங்கியது. இருநூற்றைம்பதாக்கினான், பொறுத்துப் பார்த்தான். முந்நூறு. நானூறு என்றதும் ஓசை மாறியது, சற்றே குறைத்தான். பழைய கணினி பக்கங்களை வாங்கித் தேக்கி, மெல்லிய தொலைபேசிக் கம்பிகள் வழியே நிதானமாகப் பரிமாறிக்கொண்டிருந்தது. பத்தே முக்காலுக்குத் தொலைபேசிகள் ஓய்ந்தன. அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"முந்நூத்தி அம்பது அக்கா."

"என்ன?"

"அன்னிக்கி நம்பர் கேட்டீங்களே. முந்நூத்தி அம்பது."

ஏளனம் இருக்கிறதா என்று அவன் முகம் முழுவதும் தேடினேன். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதைத் தெரிவிக்கும் முகமாக மட்டுமே அது இருந்தது. அந்த நாளில் நான் தாங்கியவற்றில் இதுவே கடினமானது.

முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நின்னுடுச்சே! யாருப்பா பண்ணது?"

"அக்காதான் சார் மாத்த சொன்னாங்கோ," என்றான் அவன்.

அது பொய்யுமில்லை. நான் வாய்மூடி இருந்தால் போதும். அவர் கை இழுப்பறைக்குப் போயிருக்கும், சாவி என் மேசைக்கு வந்திருக்கும். வீட்டில் அம்மா அண்டை வீடுகளுக்கெல்லாம் முன்பே சொல்லி வைத்திருந்த செய்தியும் மெய்யாகியிருக்கும். ஆனால் அவன் கையால் தரப்பட்ட ஒன்றை ஏந்திக்கொள்ள என்னால் இயலவில்லை. திறமையில் என்னை முந்தியவன் பெருந்தன்மையிலும் முந்துவதா?

"இல்லை, சார். திட்டம் அவருடையது. என் திட்டம்தான் சர்வரை வீழ்த்தியது. அது விழும் என்று ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும்."

என் வாழ்க்கையில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான், எவரும் கைதட்டவில்லை. இதைக் கேட்ட சிலர் பின்னர் என் நேர்மையைப் பாராட்டினார்கள். நேர்மையன்று. அவனுக்குக் கடன்பட மறுத்த பொறாமையே என் வாயைத் திறந்தது.

முதலாளி இழுப்பறையைத் திறந்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

அடுத்து வரவிருந்தது பத்தாம் வகுப்பு முடிவு. நாற்காலியில் அமர்ந்த மூன்றாம் நாள் அவன் என் மேசைக்கு வந்தான். "அக்கா, திருப்பி அனுப்பறமே, அந்தப் பக்கம். நான் ஏதோ கிறுக்கி வெச்சிகீறேன். சார் நல்லா எழுதச் சொன்னாரு. உங்கள வுட்டா ஆரு கீறாங்க?"

அந்தப் பக்கத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். 'ரொம்பக் கூட்டம். ரெண்டு நிமிஷம் கழிச்சு வாங்க.' அதுவும் ஆங்கில எழுத்துகளில் தட்டிய தமிழ்! இங்கேயாவது ஒரு துறை எனக்கு மிச்சமிருக்கிறது என்று உள்ளம் குதித்தது. ஒரு மாலை முழுவதும் செதுக்கினேன். 'அன்பார்ந்த மாணவச் செல்வமே' என்று தொடங்கி, பொறுமையின் அருமையைத் தொட்டு, மீண்டும் வருக என்று முடியும் மூன்று வாக்கியங்கள். தூய தமிழ் எழுத்துகளில். அலுவலகத் திரையில் அவை அச்சுக் கோத்தாற்போல் நின்றன.

ஆனால் ஒருமுறை சூடுபட்டிருந்தேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் கோவளம் போய் மாமல்லபுரம் பேருந்தில் ஏறினேன். பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சந்தில் அந்த பிரவுசிங் சென்டர் இருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் சிற்பக்கூடங்களின் உளிச்சத்தம். ஓரத்துக் கணினியில் அமர்ந்து என் பக்கத்தின் முகவரியைத் தட்டினேன். காத்திருந்தேன். வெளியே சென்று சுண்டல் வாங்கிவர நேரமிருந்தது, அவன் மிகைப்படுத்தியிருக்கவில்லை.

பக்கம் வந்தது. அன்பார்ந்த மாணவச் செல்வம் இல்லை. பொறுமையின் அருமை இல்லை. வெற்றுக் கட்டங்கள், மூன்று வரிசையாக.

கடைக்காரர் என் பின்னால் வந்து நின்றார். "இன்னாம்மா, கட்டம் கட்டமா வருது? தமிழா? இங்க கீற சிஸ்டத்துல தமிழு வராதும்மா. அந்த கேளம்பாக்கத்து கம்பெனித் தம்பி ஒண்ணு வரும். அந்தச் சீட்லதான் ஒக்காந்துகினு கெடக்கும். அதுக்கு அல்லாம் தெரியும், அதாண்ட கேளு."

நான் அமர்ந்திருந்தது அவனுடைய நாற்காலி. அங்கும் அவனுடையதே.

அங்கிருந்தே சர்வருக்குள் நுழைந்து என் மூன்று வாக்கியங்களையும் அழித்தேன். அவனுடைய வரியை அவனுடைய ஆங்கில எழுத்துகளிலேயே மீண்டும் தட்டினேன். இரண்டாவது வாக்கியத்தின் முன்னால் 'தயவுசெய்து' என்று ஒரு சொல் சேர்த்தேன், அது என்னுடையது. மறுபடி திறந்து பார்த்தேன். இம்முறை பக்கம் கட்டமின்றி வந்தது.

திங்கட்கிழமை அதை அவனிடம் காட்டினேன். எங்கே போனேன் என்று சொல்லவில்லை. அவன் ஒருமுறை படித்தான், மறுமுறையும் படித்தான்.

"சூப்பரா கீது அக்கா. மின்ன வுட மரியாதையா கீது. இந்த ஒரு வார்த்த எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

அவன் மனமாரச் சொன்னான். நான் நன்றி கூறிவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். அன்று மாலைவரை, அந்த நாற்காலி இருந்த பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.